நனையாத கிடா

விடிய விடிய மழை பெய்திருந்தும் அந்தக் கறுப்புக் கிடா மட்டும் நனையாமல் கிடந்தது.

புவனேசன் அதைப் பார்த்தான். பார்த்ததை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஆட்டுக் கொட்டகைக்கு வெளியே நீலத் தார்ப்பாய்மேல் வரிசையாகக் கிடத்தியிருந்த இருபத்தேழு ஆடுகளில் இருபத்தாறுக்கு ரோமம் உடம்போடு ஒட்டிப்போயிருந்தது. காது மடல்களில் தண்ணீர் தேங்கி நின்றது. தொட்டால் ஊறிய சாக்கைத் தொடுவதுபோல் இருந்தது. கடைசியாகக் கிடந்த கிடாவின் முதுகு மட்டும் வெயிலில் காய்ந்ததுபோல் புசுபுசுவென்று இருந்தது. கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு. கொட்டகைக் கூரைக்குக் கீழே கிடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். கூரை அதற்கு ஐந்தடி தள்ளியே முடிந்திருந்தது.

"என்னலா புவனா, எண்ணிக்கிட்டு இருக்கியா, இல்ல பேர் வெச்சுக்கிட்டு இருக்கியா?" லோரி ஓட்டுகிற சுகுமாரன் அண்ணன் புளோவர் சத்தத்துக்கு மேலே கத்தினார். "மத்தியானம் பானாஸ் ஏறிடும், வெயில்ல நிக்க முடியாது. சுருக்க முடி!"

புவனேசன் கையை மட்டும் தூக்கிக் காட்டினான்.

நான்கு மாதமாக அவனுக்கு எதுவுமே மனதில் நிற்பதில்லை. அதற்கு முன்னால் சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் வேலை. அது மூடியதும் இந்த வேலை கிடைத்தது. நோய் கண்ட பண்ணையிலிருந்து செத்த ஆட்டையோ மாட்டையோ வெளியே கொண்டுபோகக் கூடாது. வழியில் ஒரு சொட்டு எச்சில் விழுந்தாலும் நோய் அடுத்த பண்ணைக்குப் போய்விடும். வயல்காட்டை ஒட்டிய இந்தத் தாழ்ந்த நிலத்தில் மூன்றடி தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடுவதால் புதைக்கவும் வழியில்லை. அதனால் அடுப்பு ஆடுகளைத் தேடி வந்தது. அடுப்பு என்றுதான் அவர்கள் சொல்வார்கள். லோரிக்குப் பின்னால் இழுத்துவரும் நீண்ட இரும்புப் பெட்டி. உள்ளே நெருப்புக்கல் பதித்திருக்கும். மேலே சங்கிலி போட்டுத் தூக்குகிற மூடி, பக்கத்தில் இரண்டு டீசல் பர்னர், காற்றை ஊதித் தள்ளும் புளோவர், குட்டையான புகைபோக்கி. கால்நடை இலாகா டாக்டர்கள் முதல் நாள் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் காலையில் புவனேசன் வருவான்.

புகை வராது, வாசனையும் வராது என்று முதலாளி தவுக்கே பண்ணைக்காரர்களிடம் பெருமையாகச் சொல்வார். அது உண்மையா என்று புவனேசனுக்குத் தெரியாது. இரண்டாவது மாதத்தில் ஒரு நாள், புதுச் சோப்பைப் பிரித்து மூக்கருகே வைத்துப் பார்த்தபோதுதான் தன் மூக்கு எதையும் சொல்வதில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. சோற்றுக்கும் குழம்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஏழு வயது மகள் ஷாமளா மடியில் ஏறிப் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்வாள். அது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி எங்கோ கேட்கும். வருத்தமில்லை, பயமில்லை. உள்ளே எதுவோ மரத்துப்போக யாரோ ஊசி போட்டுவிட்டதுபோல் இருந்தது.

"தம்பி. அந்தக் கறுப்பு."

சிவப்பும் வெள்ளையுமாக இழுத்துக் கட்டியிருந்த பட்டைக்கு அப்பால் பாப்பம்மா நின்றிருந்தாள். ஆடுகளின் சொந்தக்காரி. ஐம்பது வயதிருக்கும். தோட்டத்துப் பிரட்டுக்கும் வேலைக்கும் போகிற நீளக்கைச் சட்டை, ரப்பர் பூட்ஸ். பட்டையைத் தாண்ட அவளுக்கு அனுமதி கிடையாது.

"எல்லாத்தையும் போட்டுத்தான்க்கா ஆகணும். டாக்டர் சொல்லிட்டாங்க."

"போடாதன்னு நான் சொன்னனா? அது முனியாண்டிக்கு விட்ட கிடா. எம் மொவன் மோட்டர்லேர்ந்து ரோட்டுல உழுந்து பொழச்சப்ப நேர்ந்துகிட்டது. திருவிழாவுக்கு இன்னும் பதினோரு நாளு கெடக்கு. கேக்காம கொன்னீங்க. இப்ப கேக்காம எரிக்கவும் போறீங்க."

"செத்துப்போச்சேக்கா. செத்ததுகிட்ட எப்படிக் கேக்குறது?"

"அது உங்க சூசா, உங்க கஷ்டம். நான் வந்து கேக்குறேன்னா உள்ள விட மாட்டேங்கிறீங்க. நீங்களே கேளுங்க."

ஒரு மைலோ டின்னைக் காலால் பட்டைக்கு அடியில் தள்ளிவிட்டாள். உள்ளே மஞ்சள் தண்ணீர். மேலே வேப்பிலை மிதந்தது.

புவனேசனும் தோட்டத்தில் பிறந்தவன்தான். கோயில் வாசலில் கிடாவுக்கு மாலை போட்டு நிறுத்தி, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது தலையிலிருந்து வால்வரை உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சம்மதம். அதுவரை கத்தி இறங்காது. சில கிடா ஒரு மணி நேரம்கூட அசையாமல் நிற்கும். சுற்றி நிற்பவர்கள், முனியாண்டிக்கு உத்தரவு குடுடா ராசா என்று கெஞ்சுவார்கள். சிலுப்பியதும் பெண்கள் குலவை போடுவார்கள். அதற்குப் பிறகு கிடா தானாகவே கழுத்தை நீட்டும் என்று சொல்வதை அவன் கேட்டிருக்கிறான். சின்ன வயதில் அந்தக் கட்டத்தில் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வான்.

"ஊத்தும்போது பேரைச் சொல்லு தம்பி," என்றாள் பாப்பம்மா. "முனியாண்டிக்குன்னு சொல்லு. யாருக்குன்னு சொல்லாம கேக்கவே கூடாது."

இந்த அக்காவின் மனம் ஆறட்டும், தனக்கும் வேலை முடியட்டும் என்றுதான் அவன் டின்னை எடுத்தான். தலையோடு மூடிய வெள்ளை உடுப்புக்குள் வேர்வை முதுகில் ஓடியது. கிடாவின் பக்கத்தில் குந்தி டின்னைச் சாய்த்தான்.

"புவனா! சூடு எண்ணூறு தொட்டுருச்சு! மூடியத் தூக்கிட்டேன், வா!"

திரும்பிப் பார்த்தான். சங்கிலியில் மூடி மேலே தொங்க, அடுப்பு வாயைத் திறந்து வைத்திருந்தது. உள்ளே நெருப்புக்கல் மங்கலாகச் சிவந்திருந்தது. கை தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்க, அந்த வாயைப் பார்த்தபடியே சொன்னான்.

"உத்தரவு குடு."

அவ்வளவுதான் சொன்னான்.

காதுகளிலிருந்து தொடங்கியது. இரண்டு காதும் கன்னத்தில் மாறி மாறி அடித்தன. படபடபட. பிறகு கழுத்து, தோள், முதுகு, வால். மழையில் நனைந்து வந்த ஆடு கொட்டகை வாசலில் நின்று உதறுவதுபோல, படுத்த நிலையிலேயே அந்தக் கிடா உடம்பு முழுவதையும் ஒரு முறை சிலுப்பியது. மஞ்சள் துளிகள் அவனுடைய முகக் கண்ணாடியில் தெறித்தன. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, கழுத்தை நீட்டியது.

கண் திறந்திருந்தது. அது முன்பே திறந்துதான் இருந்தது.

"சிலுப்புச்சா?" அவன் முதுகு மறைத்ததில் பாப்பம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை.

"சிலுப்புச்சுக்கா."

"பேரு சொன்னியா?"

அவன் கையில் காலி டின் இருந்தது. வேறு தண்ணீர் இல்லை. சுகுமாரன் அண்ணன் மறுபடி கத்தினார்.

"சொன்னேன்," என்றான் புவனேசன்.

அவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். முகம் தெளிந்துவிட்டது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே செம்பனை மரங்களுக்கு நடுவே நடந்து போனாள்.

செத்த உடம்பில் நரம்பு இழுக்கும் என்று டாக்டர் ஒரு முறை சொல்லியிருந்ததை நினைத்துக்கொண்டான். கிடாவைத் தூக்கியபோது ஒரு தலையணை கனம்தான் இருந்தது. அதை முதலில் போட்டான். மற்றவற்றை சுகுமாரன் அண்ணனும் அவனுமாகத் தூக்கிப் போட்டார்கள். மூடியை இறக்கிப் பூட்டிய பிறகு, பர்னரின் இரைச்சலுக்கு அடியில், உள்ளேயிருந்து அது கேட்டது.

படபடபட.

இரும்பு சூடேறினால் சத்தம் போடும். அப்படித்தான் நினைத்துக்கொண்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் பாக்கார் ஆராங்கில் அவன் வீட்டு கேட்டுக்கு முன்னால் மனைவி உமாராணி வழக்கம்போல் செம்பும் மாவிலையுமாக நின்றாள். இந்த வேலைக்குப் போன முதல் நாளிலிருந்து இது அவள் வழக்கம். தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் அவனை உள்ளே விடமாட்டாள்.

"ஆபிஸ்ல ஏசிக்குக் கீழ உக்காந்து வேலை செய்றவனத்தான் கட்டிக்கிட்டேன்னு நினைச்சிக்கிட்டு இருக்கேன்," என்றாள் தெளித்துக்கொண்டே. "செத்ததத் தொட்ட கையோட வந்து அந்த நினைப்பக் கெடுக்காதீங்க."

கேட்டுக்கு உள்ளே ஷாமளா கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீல நிறப் பள்ளி உடுப்பு, இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. "அப்பாவுக்கு மழை! அப்பாவுக்கு மழை!"

தண்ணீர் பிடரியில் இறங்கியது. அப்போது அங்கே அரிப்புபோல் ஓர் ஊறல் கண்டது. தோலுக்கு அடியில், எலும்பை ஒட்டி. காதிலிருந்து முதுகுத்தண்டுவரை ஒரு முறை உதறினால் போதும், ஆறிவிடும். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் உடம்பு எதையோ விரும்பியது. சட்டென்று உள்ளங்கையால் பிடரியை அழுத்தித் துடைத்தான். ஊறல் போய்விட்டது.

ஐந்து நாள் கழித்து பெண்டாங்குக்கு அப்பால், வயலை ஒட்டிய ஒரு மாட்டுப் பண்ணை. திவாகரன் என்கிற பால்காரருடையது. நான்கு பசு. வேலை மதியத்துக்குள் முடிந்தது. வெள்ளை உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தண்ணீர்க் குழாயில் கை கழுவப் போனான் புவனேசன். நோய் தொற்றாத ஒரு கன்றுக்குட்டியை அங்கே தனியாகக் கட்டியிருந்தார்கள். செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளை. வாயும் குளம்பும் சுத்தமாக இருக்கிறது, இதை வளர்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகத் திவாகரன் சிரித்தார். அன்றைக்கு அந்தப் பண்ணையில் சிரிப்பதற்கு அது ஒன்றுதான் இருந்தது.

கை கழுவினான். துடைக்கத் துணியில்லை. விரல்களை உதறினான். சொட்டுகள் கன்றின் தலையில் விழுந்தன.

படபடபட.

எந்தக் கன்றும் செய்வதுதான். தலையில் தண்ணீர் பட்டால் சிலுப்பும். ஆனால் சிலுப்பிய பிறகு அது கழுத்தை நீட்டியது. அவனை நோக்கி, கயிறு இழுபடுகிறவரை. அசைபோடவில்லை. வாலில் ஈ மொய்த்தும் வாலை ஆட்டவில்லை. கழுத்தை நீட்டியபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கன்னுக்குட்டிக்கு உங்கள ரொம்பப் புடிச்சிப்போச்சு அண்ணே," என்றார் திவாகரன்.

மறுநாள் சாம்பல் அள்ளப் போனபோது கன்று செத்துக் கிடந்தது. வாயில் புண் இல்லை. குளம்பில் புண் இல்லை. டாக்டர் அதன் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எழுத ஒன்றும் இல்லாமல் பேனாவை மூடினார். அதுவும் அடுப்புக்குத்தான் போயிற்று. புவனேசன்தான் தூக்கினான். ஒரு தலையணை கனம். மூடி இறங்கியது. அவன் காதைப் பொத்திக்கொண்டான். பொத்தியும் கேட்டது.

காடியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில், வழியெல்லாம் வயல் பச்சையாக விரிந்து கிடக்க, அவன் எதையும் பார்க்காமல் அதையே நினைத்துக்கொண்டு வந்தான். உத்தரவு கேட்டது அவன். யாருக்கு என்று சொல்லாமல் கேட்டதும் அவன். ஏதோ ஒன்று அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டது. இனி அவன் கையிலிருந்து தண்ணீர் விழுந்தால், அது கேட்பதாகிவிடும். சிலுப்பினால் சம்மதமாகிவிடும். அன்றைக்குச் செம்புத் தண்ணீர் பட்டதும் பிடரியில் கண்ட ஊறல், அது அவனையே கேட்டதுதான். இதை நினைத்தபோதுகூட அவனுக்குப் பயம் வரவில்லை. வீட்டு வாடகை எவ்வளவு என்று நினைப்பதுபோல்தான் நினைத்தான். ஷாமளாவின் முகம் நினைவுக்கு வந்ததும் மட்டும், மரத்துப்போன காலில் எறும்பு ஊர்வதுபோல், நெஞ்சில் எங்கோ ஒன்று அசைந்தது. அவளைக் காப்பாற்ற வேண்டும். அது ஒன்றுதான் அவனிடம் மிச்சம் இருந்தது.

அன்றைக்கு கேட்டில் செம்பைக் கண்டதும் காடியை விட்டு இறங்கவில்லை.

"இனிமே தண்ணி வேணாம் உமா. சளி புடிக்குது."

"நாலு மாசமா புடிக்காத சளியா? நான் ஊத்துனா கசக்குதா உங்களுக்கு?"

"வேணாம்."

அவன் குரலில் என்ன இருந்ததோ, உமாராணி செம்பை வாசல் பூச்செடியில் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள். இரவு வெகுநேரம் அவள் முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். சொல்லிவிடலாமா என்று அவன் நினைத்தான். சொன்னால் அவள் நம்புவாள். அதுதான் கஷ்டம்.

அதன் பிறகு வீட்டில் தண்ணீரைத் தொடும்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டான். கை கழுவினால் துண்டில் நன்றாகத் துடைத்த பிறகுதான் வெளியே வந்தான். ஷாமளா தட்டு கழுவ வந்தால் அவளைத் தள்ளி நிற்கச் சொன்னான். "அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சும்மா," என்று அவள் உமாராணியிடம் ரகசியமாகச் சொன்னது அவன் காதில் விழுந்தது.

வேலையிடத்தில் கவனமாக இருக்க ஒன்பது நாள் அவனால் முடிந்தது.

பத்தாவது நாள், இன்னொரு தோட்டம். வேலை முடிந்து, பண்ணையை விட்டு வெளியே வரும்முன் லோரிச் சக்கரங்களுக்கு மருந்துத் தண்ணீர் அடித்து, அதன்மேல் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். புவனேசன் கையில் ரப்பர்க் குழாய். கொதிக்கிற வெயில். சுகுமாரன் அண்ணன் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவருக்கு அது வருடக்கணக்கான பழக்கம். குனிந்து தலையைக் குழாய்க்கு அடியில் நீட்டினார்.

"அண்ணே வேணாம்!"

குழாயை இழுத்தான். அதற்குள் தண்ணீர் அவர் நரைத்த தலையில் பாய்ந்துவிட்டது.

"கஞ்சன்லா நீ! தண்ணி என்ன உங்க வீட்டுதா?" என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார் சுகுமாரன் அண்ணன். தலையை உதறினார். தலையோடு நிற்கவில்லை. தோள் குலுங்கியது. தொந்தி குலுங்கியது. முழங்கால்வரை இறங்கியது. சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு கழுத்தை முன்னால் நீட்டி, அவனைப் பார்த்து நின்றார்.

தண்ணீர் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே."

கண் இமைக்கவில்லை.

"அண்ணே!"

"ஏன்லா கத்துற?" என்றார் சுகுமாரன் அண்ணன். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டார். "வா, ரெண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டுப் போவோம். எனக்கு என்னமோ கழுத்து வலிக்குது."

மறுநாள் காலையில் தவுக்கேயின் கொட்டகையில் லோரிக்குள் அவர் உட்கார்ந்திருந்தார். ஸ்டீயரிங்மேல் கழுத்தை நீட்டி வைத்திருந்தார். மாரடைப்பு என்றார்கள். இனிப்பு நீர் இருந்தது, வயதும் ஐம்பத்து நான்கு, சொல்லாமல் கொள்ளாமல் வருகிற வியாதிதானே என்றார்கள். எல்லாரும் நம்பினார்கள். புவனேசனும் நம்பிப் பார்த்தான்.

அதற்கு அடுத்த நாள் மதியம் தகனம். உடம்பைத் தூக்கத் தோள் கொடுத்தபோது சுற்றி நின்றவர்கள், பெரிய உடம்பு, பார்த்துத் தூக்குங்கள் என்றார்கள். புவனேசன் தோளில் ஒரு தலையணை கனம்தான் இருந்தது. சுடலை அடுப்புக்கு இரும்புக் கதவு. பக்கவாட்டில் பர்னர். புளோவர். எல்லாம் அவனுக்குத் தெரிந்த சத்தம். அங்கிருந்த வேலையாள் பொத்தானை அழுத்தும்போது எந்தத் திருகை எவ்வளவு திருப்புவான் என்றுகூட அவனால் சொல்லியிருக்க முடியும். கதவு இறங்கியது. அண்ணனின் மனைவி அம்சவள்ளியின் அழுகையை வீட்டிலேயே விட்டு வந்ததால் அங்கே ஆண்கள் மட்டும் சத்தமில்லாமல் நின்றார்கள்.

அந்த அமைதியில் கேட்டது.

படபடபட.

ஒருவரும் திரும்பவில்லை.

வீட்டுத் தெருவில் காடியை நிறுத்தியபோது மணி நாலு. வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐஸ்கிரீம்காரன் மணி அடுத்த தெருவில் கேட்டது. கேட்டுக்கு முன்னால் உமாராணி நின்றிருந்தாள். இன்றைக்குச் செம்போடு ஒரு வாளியும் இருந்தது. வாளி நிறைய மஞ்சள் தண்ணீர். கேட்டுக்கு உள்ளே, பள்ளி உடுப்பை இன்னும் மாற்றாமல், இரட்டைச் சடையோடு ஷாமளா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஊத்தாத உமா."

"இன்னிக்கு உங்க பேச்சக் கேக்க மாட்டேன். சாவுக்குப் போய்ட்டு வந்துருக்கீங்க. சின்னப் புள்ள இருக்குற வீடு."

"உமா, நான் சொல்றதக் கேளு."

"அண்ணன் போன துக்கம் எனக்கும்தான் இருக்கு. வாங்க. தலைய நீட்டுங்க."

அழுதுகொண்டுதான் சொன்னாள். அழுதுகொண்டே மொண்டு ஊற்றினாள்.

முதல் செம்பு உச்சியில் விழுந்தது.

உடனே ஊறல். காதுக்குப் பின்னால். பிடரியில். எலும்பை ஒட்டி. அன்றைக்குப் போல் இல்லை. உடம்பு முழுக்க. கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பல்லைக் கடித்தான்.

இரண்டாவது செம்பு.

உதறு என்றது கழுத்து. ஒரே ஒரு முறை. உதறினால் ஆறிவிடும்.

அசையவில்லை.

மூன்றாவது.

தோள் நடுங்கப் பார்த்தது. அழுத்திப் பிடித்தான். கம்பி உள்ளங்கையில் பதிந்தது. கண்ணுக்குள் சிவப்பாக ஒரு வாய் திறந்திருந்தது. மாட்டேன். மாட்டேன். எனக்குச் சம்மதமில்லை.

வாளி காலியானது.

ஊறல் மெல்ல இறங்கியது. முதுகுக்கு. காலுக்கு. தரைக்கு. போய்விட்டது.

அவன் மூச்சை விட்டான். நின்றிருந்தான். சிலுப்பவில்லை. கேட்டார்கள், அவன் சம்மதிக்கவில்லை. மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த என்னவோ உள்ளே உடைந்து, சிரிப்பாக வெளியே வந்தது.

"என்னங்க? குளிருதா?" உமாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. முடிஞ்சிருச்சு உமா. முடிஞ்சிருச்சு."

பிடரியில் மிச்சமிருந்த தண்ணீரை உள்ளங்கையால் வழித்தான். கையை உதறினான்.

உதறிய பிறகுதான் தெரிந்தது.

கம்பிகளுக்கு இடையே மஞ்சள் சொட்டுகள் போயின. நான்கைந்துதான் இருக்கும். நேர்வகிட்டில் ஒன்று. நெற்றியில் ஒன்று.

படபடபட.

இரண்டு சடையும் கன்னத்தில் மாறி மாறி அடித்தன. பிறகு கழுத்து. சின்னத் தோள்கள். நீல உடுப்பின் மடிப்புகள். காலிலிருந்த வெள்ளைச் சப்பாத்து வரைக்கும்.

"பாருங்க இவள," என்று சிரித்தாள் உமாராணி. "ஆட்டுக்குட்டி மாதிரி."

அப்போது அவனுக்கு வாசனை வந்தது. பல மாதமாக வராதது. நனைந்த ரோமம். டீசல். காய்ந்த நெருப்புக்கல்.

ஈரக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.

உமாராணி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஷாமளா சிரிக்கவில்லை. கேட்டின் இரண்டு கம்பிகளுக்கு நடுவே தலையை நுழைத்தாள். யாரும் சொல்லித்தராமல், அவசரமில்லாமல், கழுத்தை வெளியே நீட்டினாள். கேட்டவன் அவன்தானே. அவன் முகத்தையே பார்த்தபடி, இமைக்காமல், காத்து நின்றாள்.